போர்டைப் படி, வேலையைப் பிடி

சேலத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு ஒன்று உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போக வேண்டியவர், போர்டில் ‘கொண்ட’ என்ற மூன்றெழுத்து கண்ணில் பட்டதும் ஏறி உட்கார்ந்துவிடுவார். போய் இறங்குவது கொண்டலாம்பட்டியில். முன்னது ஊருக்கு வடக்கே, ஏற்காடு மலையடிவாரப் பக்கம். பின்னது தெற்கு முனை, பைபாஸ் ஓரம். “ஏனுங்க, போர்டை முழுசாப் படிக்க மாட்டீங்களா?” என்று நாம் சிரிப்போம்.

அதே நாம் இன்டர்வியூவுக்குச் சென்னை போகிறோம். கம்பெனி இருப்பது கேளம்பாக்கம். ராத்திரி பஸ் கொண்டுபோய் விடுவது கிளாம்பாக்கம். “அட, வாசல்லயே இறங்கிட்டோம்” என்று நிம்மதியாக டீ குடிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு முழு நீளத்துக்குக் கிடக்கிறது என்பது ஒன்பதரை மணிக்குத்தான் தெரியவருகிறது. இப்போது சிரிக்க நம்மிடம் தெம்பு இருக்காது.

உங்களோடு அந்த இன்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கும் அதே டிகிரி, ஏறக்குறைய அதே மார்க், ஒரே பிரவுசிங் சென்டரில் அடித்தது போன்ற ரெஸ்யூமே. இதில் யார் முந்துவது? பதறாமல், சட்டை கசங்காமல், பத்து நிமிடம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். பெருநகரத்தில் பஸ் பிடிக்கத் தெரிவது ஒரு ஜாப் ஸ்கில். எந்த கோர்ஸிலும் சொல்லித் தரமாட்டார்கள், அதனால்தான் தெரிந்தவனுக்கு லாபம். பத்து பாயின்ட்டில் முடித்துவிடலாம்.

1. பேர் ஒத்த ஊர்களைப் பிரித்து வையுங்கள்

கிளாம்பாக்கம், கேளம்பாக்கம் ஒரு ஜோடி. அடுத்து ‘பெரு’ வரிசை: பெருங்குடி ஓ.எம்.ஆரில் இருக்கிறது. பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர், மேடவாக்கம் பக்கம். பெருங்களத்தூர் தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில். பெரம்பூர் வடசென்னை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றில் இறங்கினால் அன்றைய இன்டர்வியூ போச்சு. கால் லெட்டர் வந்ததும் முதல் வேலை, முகவரியில் உள்ள ஏரியா பெயரைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர்கள் இன்னும் ஒத்துப்போகும். பின்கோடையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எச்.ஆருக்கு மெயில் போடும்போது ஒரே வரி: “பக்கத்துப் பஸ் ஸ்டாப் பெயர் என்ன?” அசட்டுக் கேள்வி என்று தயங்காதீர்கள். வருகிற எண்ணம் உள்ளவன்தான் இதைக் கேட்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2. கிளாம்பாக்கத்திலேயே முடிவெடுங்கள்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். அதற்கு முன் 2002-லிருந்து கோயம்பேடுதான் எல்லாருக்கும் வாசல். அண்ணன், மாமா சொல்கிற வழியெல்லாம் கோயம்பேட்டுக் கணக்கு. அதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக வருகிற சேலம் பஸ்ஸுக்கு இப்போது வாசல் கிளாம்பாக்கம்.

இங்கே இறங்கியதும் எல்லாரும் நகரத்துக்குள் ஓடுவார்கள். உங்கள் கம்பெனி எங்கே என்று பார்த்துவிட்டு ஓடுங்கள். சிறுசேரி சிப்காட், கேளம்பாக்கம் என்றால் நகரத்துக்குள் போகவே வேண்டாம், வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பிடித்தால் குறுக்கே போய் ஓ.எம்.ஆரைத் தொட்டுவிடலாம். ஒரகடம் என்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம், படப்பை வழியாகப் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு. கிண்டி, தி.நகர், எழும்பூர் என்றால் மட்டும்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே. அதிலும் காலை எட்டரைக்கு மேல் பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து கடற்கரை போகும் லோக்கல் ட்ரெயின். கிண்டி, மாம்பலம், எழும்பூர் எல்லாம் அந்த லைனில்தான். ட்ரெயினுக்கு சிக்னல் ஜாம் கிடையாது.

இன்னொன்று, வெளியூர் பஸ் நிற்கிற இடமும் மாநகர பஸ் நிற்கிற இடமும் வேறு வேறு. முனையம் மொத்தம் சுமார் 88 ஏக்கர். லக்கேஜோடு நடக்கிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

3. நம்பருக்கும் குலம் உண்டு

சென்னை பஸ் நம்பரை மனப்பாடம் செய்ய முயன்றால் தலை சுற்றும். குடும்பமாகப் பாருங்கள். முதலில் வரும் எண் எந்த ரோட்டில் போகிறது என்று சொல்லும். பின்னால் வரும் எழுத்து எங்கே போய் முடிகிறது என்று சொல்லும். 18 வரிசை பிராட்வேயிலிருந்து அண்ணா சாலை வழியாகத் தெற்கே இறங்கும். 21 வரிசை மயிலாப்பூர்ப் பக்கம் சுற்றும். 21ஜி அதில் தாம்பரம் தாண்டிப் போவது. 70 வரிசை கோயம்பேட்டிலிருந்து வடபழனி, கிண்டி வழியாகத் தாம்பரம் ரோடு. 70வி கிளாம்பாக்கம் வரை. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளுக்கு மூன்று நம்பரைத் தெரிந்துவைத்தால் போதும்: பிராட்வேயிலிருந்து 102, தி.நகர்ப் பக்கத்திலிருந்து 19பி, கோயம்பேட்டிலிருந்து 570. பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஓடும் 29சி நகரத்தின் வயிற்றைக் குறுக்கே கிழித்துப் போகும். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை போய் வாருங்கள்.

ரூட் அவ்வப்போது மாறும். ஏறுகிற அன்று ஆப்பில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

4. ‘கட்’ என்றால் பாதி வழி

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் இன்டர்வியூ, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, ஒன்பதரைக்கு ரிப்போர்ட்டிங். சரியான நம்பர் பஸ் வந்தது. ஏறினேன், சீட்டும் கிடைத்தது. ஊர்க்காரன் மகிழ்ச்சியில் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். எஸ்டேட் வருவதற்கு முன்பே எல்லாரும் இறங்குகிறார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

“தம்பி, இறங்கலையா?”

“எஸ்டேட் போகணுங்க.”

“இது கட்டு சர்வீஸ்ப்பா. போர்டைப் பாக்கலியா?”

இறங்கிப் போர்டைப் பார்த்தேன். நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக ‘கட்’. ரூட்டை முழுக்கப் போகாமல் பாதியில் திரும்புகிற பஸ். அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். கோபிக்கவில்லை, “அடுத்த பேட்ச்ல பாக்கலாம்” என்றார்கள். அந்த அடுத்த பேட்ச் இன்றுவரை வரவில்லை.

பாடம் இதுதான். நம்பர், எழுத்து, அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சொல், கடைசியில் ஊர்ப் பெயர். நான்கையும் படித்துவிட்டுக் காலை வையுங்கள். ‘எக்ஸ்டென்ஷன்’ என்றிருந்தால் வழக்கமான முனையைத் தாண்டியும் போகும் என்று அர்த்தம். அதேபோல நம்பர் சரியாக இருந்தும் திசை தப்பலாம். ஒன்வே ரோடுகளில் போகிற ஸ்டாப்பும் வருகிற ஸ்டாப்பும் எதிரெதிரே இருக்காது, வேறு தெருவிலேயே இருக்கும்.

5. கேட்கவும் ஒரு முறை உண்டு

“இந்த பஸ் டைடல் பார்க் போகுமாண்ணா?” என்று கேட்டால் அவசரத்தில் இருப்பவர் தலையை ஆட்டிவிடுவார். அது ஆமாவா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. “டைடல் பார்க்குக்கு எந்த பஸ்?” என்று கேளுங்கள். இப்போது அவர் ஒரு நம்பர் சொல்லியாக வேண்டும். தெரியாதவர் “தெரியலைப்பா” என்று நகர்ந்துவிடுவார். தப்பான பதிலுக்கு இது நல்ல வடிகட்டி.

யாரிடம் கேட்பது? காதில் இயர்போன் மாட்டி நிற்பவரிடம் வேண்டாம். ஸ்டாப் பக்கத்தில் பூ விற்கும் அம்மா, டீக்கடைக்காரர், பெரிய டெர்மினஸ் என்றால் டைம் கீப்பர். நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்களுக்கு எந்த பஸ் போய் எவ்வளவு நேரமாச்சு என்பது வரை தெரியும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

6. ஸ்டாப் பெயர் வேறு, இடம் வேறு

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. இன்று அங்கே நிற்பது வளைவு மட்டும். ஆனாலும் வழி சொல்லும்போது “மாடர்ன் தியேட்டர்ஸ்கிட்ட” என்றுதான் சொல்கிறோம். சென்னையிலும் இதே கதை. கோடம்பாக்கத்தில் லிபர்ட்டி தியேட்டர் இல்லை, லிபர்ட்டி ஸ்டாப் இருக்கிறது. மேப்பில் தேடினால் கிடைக்காத பெயரைக் கண்டக்டர் சத்தம் போட்டுச் சொல்வார். நீங்கள் இறங்கும் ஸ்டாப்புக்கு முந்தைய இரண்டு ஸ்டாப்பின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர் காதில் விழுந்ததும் எழுந்திருங்கள், இரண்டாவது பெயருக்குப் படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுங்கள். இறங்கும் ஸ்டாப்பின் பெயரைக் கேட்ட பிறகுதான் எழுவேன் என்றால், கூட்டத்தைப் பிளந்து வருவதற்குள் விசில் அடித்துவிடுவார்.

7. பஸ்ஸுக்குள் நடந்துகொள்ளும் விதம்

சேலம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நம்மிடம் வருவார். சென்னையில் பெரும்பாலும் அவர் தன் சீட்டில் இருப்பார், காசுதான் அவரிடம் போகும். முன்னால் நிற்கிறவர் தோளைத் தொட்டு, “ஒரு கிண்டி, பாஸ் பண்ணுங்க” என்று நோட்டை நீட்ட வேண்டும். அது நாலு கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் நாலு கை மாறித் திரும்பி வரும். முதல் நாள் நெஞ்சு பதைக்கும். காசு தொலையாது. ஆனால் ஐந்நூறு ரூபாய் நோட்டை மட்டும் அனுப்பாதீர்கள். ஐந்து, பத்து ரூபாய்ச் சில்லறை சட்டைப் பையில் தனியாக இருக்கட்டும். பர்ஸ், போன், சர்டிபிகேட் ஃபைல் மூன்றும் முன்பக்கம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்போர்டில் தொங்குவது வீரமும் இல்லை, டைம் மேனேஜ்மென்ட்டும் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறலாம், அடுத்த கால் கிடைக்காது.

8. செலவுக் கணக்கு

மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். ஏ.சி. பஸ்ஸில் 15 ரூபாயிலிருந்து தொடங்கும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் இரண்டுக்கும் நடுவில். தினம் இரண்டு பஸ் மாறுகிற வேலை என்றால் சில்லறையாகக் கொடுப்பது நஷ்டம். 1000 ரூபாய் மாதப் பாஸில் ஏ.சி. தவிர்த்த பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஏ.சி.யும் வேண்டுமென்றால் 2000 ரூபாய் பாஸ், 2025-ல் வந்தது. இன்டர்வியூ நாளில் மட்டும் ஏ.சி. பஸ்ஸுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீண் இல்லை. வியர்வை இல்லாத சட்டைக்கு அது கொடுக்கிற விலை.

பெண்களுக்கு ஒரு தனி அட்வான்டேஜ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் டிக்கெட் இலவசம். முன்பக்கம் பிங்க் பெயிண்ட் அடித்த பஸ் சென்னையில் அதற்கு அடையாளம். இலவசம்தானே என்று சும்மா இருக்கக் கூடாது, கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சலுகை நம்மூர் டவுன் பஸ்ஸிலும் உண்டு. மிச்சமாகிற காசை ஒரு ஸ்கில் கோர்ஸுக்கு ஒதுக்கினால் அது சம்பளமாகத் திரும்பும்.

ஆப் விஷயம்: 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ ஆப் வந்தது. பஸ், மெட்ரோ, லோக்கல் ட்ரெயின் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட். எந்த பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்றும் பார்க்கலாம். சேலத்தில் ஏறும்போதே டவுன்லோடு செய்து, யு.பி.ஐ. இணைத்து, ஒருமுறை திறந்து பாருங்கள். கிளாம்பாக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு, பத்து சதவீதம் சார்ஜில், ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பது கொடுமை. போன் செத்தாலும் பிழைக்க, ரூட்டைப் பேப்பரிலும் எழுதி வையுங்கள்.

9. ரூமை வாடகை பார்த்துப் பிடிக்காதீர்கள், ரூட் பார்த்துப் பிடியுங்கள்

வேலை கிடைத்ததும் எல்லாரும் செய்கிற தப்பு இது. 1500 ரூபாய் குறைச்சல் என்று ஊர்க்கோடியில் ரூம் எடுப்பார்கள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுதல். நாளுக்கு ஒன்றரை மணி. மாதம் 25 வேலை நாள் என்றால் முப்பத்தேழரை மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு வாரத்து ஆபீஸ் வேலையைப் பஸ்ஸில் நின்றுகொண்டே செய்கிறீர்கள், சம்பளம் இல்லாமல். அதே நேரத்தில் உங்கள் பக்கத்து சீட்காரர் ஏ.டபிள்யூ.எஸ். சர்டிபிகேட்டோ டேலி அட்வான்ஸ்டோ முடித்துவிடுவார். அப்ரைசலில் அவர் மேலே போவார், நீங்கள் ட்ராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

விதி சிம்பிள். ஆபீஸுக்கு ஒரே பஸ்ஸில் போகிற இடம். முடிந்தால் அந்த பஸ் கிளம்புகிற டெர்மினஸ் பக்கம், அங்கே ஏறினால்தான் சீட். ராத்திரி பத்து மணிக்கு அந்த ஸ்டாப்பிலிருந்து ரூமுக்கு நடக்க முடியுமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் என்றால் மாதவரம்–சிறுசேரி மெட்ரோ வேலை நடக்கிற ரோடு என்பதால் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

10. பஸ்ஸில் வந்தது முகத்தில் தெரியக் கூடாது

பஸ் நேரத்தோடு கேட் நேரத்தையும் கூட்டுங்கள். பெரிய ஐ.டி. வளாகங்களில் செக்யூரிட்டி என்ட்ரி, ஐ.டி. ப்ரூஃப், விசிட்டர் பாஸ், உள்ளே நடை எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்தை விழுங்கும். ஆப் ஒரு மணி என்று காட்டினால் ஒன்றே முக்கால் மணி ஒதுக்குங்கள். கைக்குட்டை இரண்டு, சின்ன சீப்பு, தண்ணீர் பாட்டில். ரிசப்ஷனுக்கு முன் ரெஸ்ட் ரூமில் ஐந்து நிமிடம்.

“எங்க தங்கியிருக்கீங்க? டெய்லி வர முடியுமா?” என்று எச்.ஆர். கேட்பார். அது நலம் விசாரிப்பு இல்லை. மூன்று மாதத்தில் ஓடிவிடுவானா என்று பார்க்கிற கேள்வி. “பாத்துக்கலாம் சார்” என்றால் மார்க் போச்சு. “வேளச்சேரியில பாத்திருக்கேன் சார். 570 ஒரே பஸ், காலையில ஒருமுறை வந்து டைம் பாத்துட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். திட்டம் போடத் தெரிந்தவன் என்பதை ஒரே வரியில் நிரூபித்துவிட்டீர்கள். லேட் ஆகும்போல இருந்தால் அரை மணி முன்னாலேயே போன் செய்து, எந்த இடத்தில் இருக்கிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று மட்டும் சொல்லுங்கள். ட்ராஃபிக் புராணம் வேண்டாம். அவரும் அதே ரோட்டில்தான் வந்திருக்கிறார்.

பெங்களூரு போகிறவர்களுக்கு ஒரு பாரா. சேலம் பஸ் ஓசூர் வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போகும். கம்பெனி அங்கே என்றால் மெஜஸ்டிக் வரை போய்த் திரும்பி வராதீர்கள், வழியிலேயே இறங்கிவிடுங்கள். ஒயிட்ஃபீல்டு என்றால் மெஜஸ்டிக்கிலிருந்து 335இ. ஏ.சி. பஸ்ஸுக்கு அங்கே ‘வஜ்ரா’ என்று பெயர். பெண்களுக்கான இலவசப் பயணம் கர்நாடகக்காரர்களுக்கு மட்டும்தான். நம்மூர் ஆதாரைக் காட்டிச் சண்டை போடாமல் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் பயிற்சி எடுக்கச் சென்னை வரை போக வேண்டாம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏறி, கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டிப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள். 2023-லிருந்து அது ஈரடுக்கு. எந்த ஊர் பஸ் மேலே, எந்த ஊர் பஸ் கீழே என்று யாரையும் கேட்காமல் போர்டு படித்தே கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஜங்ஷன், புது பஸ் ஸ்டாண்டு, ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி என்று ஒரு சுற்று. ஏறிய நேரம், இறங்கிய நேரம், கொடுத்த காசு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது கோரிமேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உங்கள் பதிவு ரின்யூவல் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், வழியில்தான் இருக்கிறது.

இன்டர்வியூ திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை ராத்திரியே சேலத்தில் பஸ் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேட் வரை ஒரு ட்ரையல் ரன் போய் வந்துவிட்டால், மறுநாள் காலை நீங்கள் புது ஆள் இல்லை.